படம்பிடிப்பவர் சாட்சியாக நிற்கட்டும்

இவ்வாரத் தியானப் பகுதி: ரூத் 4:1–12, யோவான் 2:1–11



சில மாதங்களுக்கு முன் சென்னையிலுள்ள வேறொரு ஆலயத்தில் திருமண ஆராதனை நடத்துமாறு அழைக்கப்பட்டிருந்தேன். மணமகன் மோதிரத்தை எடுத்து, வாக்கைச் சொல்லி, மணமகளின் விரலில் அணிவித்து முடித்தார். அடுத்த ஜெபத்துக்காக ஆராதனைப் புத்தகத்தின் பக்கத்தைத் திருப்பினேன். அப்பொழுது என் தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. “ஐயா, ஒரு நிமிஷம். ஃபோகஸ் போயிடுச்சு. மோதிரத்த இன்னொரு தடவ போடச் சொல்லுங்க.”

நான் மறுத்திருக்க வேண்டும், மறுக்கவில்லை. புன்னகைத்தேன், தலையசைத்தேன். மணமகன் மோதிரத்தைக் கழற்றினார். மீண்டும் அணிவித்தார். இம்முறை வாக்கு இல்லை. கை மட்டும் அசைந்தது. “மெதுவா, இன்னும் மெதுவா, அண்ணி கேமராவப் பாருங்க” என்றார் அந்தத் தம்பி. சபையார் நின்றுகொண்டே காத்திருந்தார்கள். கையில் வேதத்தோடு நானும் காத்திருந்தேன். இன்று அந்த வீட்டு ஆல்பத்தில் முழுப் பக்கத்தை நிறைத்திருப்பது இரண்டாம் முறை அணிவித்த காட்சியே. தேவனுக்கு முன்பாகச் சொல்லப்பட்ட அந்த முதல் வாக்குக்கு ஒரு படமும் இல்லை.

பொருத்தனையைக் குறித்துப் பிரசங்கி ஐந்தாம் அதிகாரம் எச்சரிப்பதை உங்களுக்கு எத்தனையோ முறை போதித்திருக்கிறேன். தேவசந்நிதியில் வாயைத் திறக்கும் முன் யோசிக்க வேண்டும், சொன்னதைச் செலுத்த வேண்டும் என்று பிரசங்க பீடத்திலிருந்து முழங்கியவன், அதே பீடத்தின் கீழே ஒரு பொருத்தனையின் ஒத்திகை, அதுவும் நிகழ்ச்சி முடிந்த பின் நடக்கும் ஒத்திகை, அரங்கேற இடம்கொடுத்தேன். அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அந்தத் தம்பியின்மேல் கோபம் வந்தது உண்மை. ஆனால் நான் தலையசைக்காமல் அவரால் எதுவும் செய்திருக்க முடியாது.

இதை இப்பொழுது எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. சென்ற வாரம் நம் சேகரக் கமிட்டியின் முன் ஒரு யோசனை வைக்கப்பட்டது. திருமண ஆராதனை வேளையில் ஆலயத்துக்குள் கேமராவே கூடாது. படமெல்லாம் வெளியே மைதானத்தில் எடுத்துக்கொள்ளட்டும் என்பது அந்த யோசனை. அதைக் கொண்டுவந்தவர்கள் பக்தியுள்ள மூப்பர்கள். அவர்களுடைய வருத்தம் நியாயமானது. ஆயினும் அவர்கள் சொல்லும் வழியை நான் எதிர்க்கிறேன். படத்தை வெளியே தள்ளினால், மெய்யாக நடந்தது மறைந்துபோகும். மைதானத்தில் நடித்தது மட்டும் படமாக எஞ்சும். நோய் எதுவோ அதையே மருந்தாகக் கொடுத்ததாக முடியும்.

ரூத்தின் நான்காம் அதிகாரத்தைப் பாருங்கள். பெத்லகேம் பட்டணத்தின் வாசலில் போவாஸ் உட்காருகிறான். மூப்பரில் பத்துப்பேரை அழைத்து அருகே உட்கார வைக்கிறான். மீட்கும் உரிமையுள்ள உறவினன் பின்வாங்கித் தன் பாதரட்சையைக் கழற்றிக் கொடுக்கிறான். போவாஸ் தன் தீர்மானத்தைச் சொல்கிறான். வாசலில் நின்ற ஜனங்களும் மூப்பரும் தாங்கள் சாட்சிகள் என்று அறிவித்து, ஆசீர்வதிக்கிறார்கள். வேதத்தில் வரும் நகரத் திருமணம் ஒன்றைக் காட்டச் சொன்னால் இதைத்தான் காட்டுவேன். பந்தலைப் பற்றியோ விருந்தைப் பற்றியோ ஒரு சொல்லும் அங்கே இல்லை. அழைத்து உட்கார வைக்கப்பட்டவர்கள் பத்துப்பேர். அவர்களோடு வாசலில் வந்துபோய்க்கொண்டிருந்த ஊரார். அந்தப் பத்துப்பேருடைய வேலை என்ன? பார்ப்பது, கேட்பது, பின்னொரு நாள் கேட்டால் நடந்ததை நடந்தபடி சொல்வது. பாதரட்சையை இன்னொரு முறை கழற்று, இந்தப் பக்கம் வெளிச்சம் போதவில்லை என்று அவர்களில் ஒருவன் சொல்லியிருந்தால் அவன் அந்த நிமிடமே சாட்சி என்ற தகுதியை இழந்திருப்பான்.

நம் நாட்டுச் சட்டமும் இவ்வளவுதான் கேட்கிறது. 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தின்படி நாம் எழுதும் பதிவேட்டில் மணமக்களும் போதகரும் நம்பத்தகுந்த இரண்டு சாட்சிகளும் கையொப்பமிட வேண்டும். ஆயிரம் பேர் வேண்டும் என்று எந்தப் பிரிவும் சொல்லவில்லை. புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் தூய மரியாள் ஆலயம் 1680இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. அவ்வாண்டிலேயே அங்கே எலிஹு யேல் மணம் முடித்தார். 1753இல் ராபர்ட் கிளைவ் மணம் முடித்தார். அவ்விருவருடைய வாழ்க்கையையும் நான் மெச்சுகிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். நான் சொல்ல வருவது வேறு. ஒளிப்படக்கலை உலகத்துக்கு அறிவிக்கப்பட்டதே 1839இல்தான். ஆகவே அந்தத் திருமணங்களுக்குப் படம் எதுவும் இருக்க வழியில்லை. பதிவேட்டின் எழுத்து இருக்கிறது. அந்த எழுத்தை இன்றைக்கும் நம்புகிறோம். ஏனெனில் அதை எழுதியவர் அழகுக்காக எதையும் மாற்றி எழுதவில்லை என்று எடுத்துக்கொள்கிறோம். கேமரா நம் ஆலயத்துக்குள் வருமானால் அது அந்தப் பதிவேட்டின் பக்கத்தில் உட்காரத் தகுந்ததாக வரட்டும்.

அப்படிப்பட்ட படக்கலை ஒன்று உண்டு. ஆவணப் பாணி என்று அதற்குப் பெயர். நிகழ்வதைக் குறுக்கிடாமல் தொடர்வது, ஆளை நிறுத்தி வைக்காமல் எடுப்பது, இருக்கிற வெளிச்சத்தில் எடுப்பது, நடந்து முடிந்ததைத் திரும்ப நடத்தச் சொல்லாமலிருப்பது ஆகியவை அதன் ஒழுங்கு. பிரெஞ்சு நாட்டவரான ஆன்றி கார்ட்டியே-பிரெஸ்ஸோன் சிறிய லைக்கா கேமராவைக் கையில் வைத்துக்கொண்டு, அதன் பளபளக்கும் பாகங்களைக் கறுப்பு நாடாவால் மறைத்து, ஃபிளாஷைத் தவிர்த்து நடமாடியவர். 1948 ஜனவரியில் மகாத்மா காந்தியின் கடைசி நாட்களையும் அவருடைய இறுதி ஊர்வலத்தையும் அவர் படமாக்கினார். காந்தியடிகளின் சிதையருகே நின்றிருந்த ஒருவரை நோக்கி, இன்னொரு முறை அழுங்கள் என்று அவர் சொல்லியிருந்தால் அந்தப் படங்களை இன்று யார் மதிப்பார்கள்? சாவுக்குக் காட்டும் அந்த மரியாதையைத் திருமணத்துக்கும் காட்டுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

“ஐயா, நாங்கள் அதைத்தான் செய்கிறோம், கேண்டிட் எடுக்கச் சொல்லியிருக்கிறோம்” என்று உங்களில் பலர் சொல்வது என் காதில் விழுகிறது. இந்தச் சொல்லின்மேல் எனக்குப் பெரிய வழக்கே உண்டு. நம் ஊரில் படக்காரர்களின் விலைப்பட்டியலில் ‘டிரெடிஷனல்’ என்று ஒரு வரி, ‘கேண்டிட்’ என்று இன்னொரு வரி. முந்தையது வரிசையாக நிறுத்தி எடுப்பது. அதில் பாசாங்கு இல்லை; நிற்கிறவர்களுக்கும் தெரியும், பார்க்கிறவர்களுக்கும் தெரியும், நிறுத்தி எடுத்த படம் என்று. பிந்தையதோ, நிறுத்தாமல் எடுத்ததுபோல் தோன்றும்படி நிறுத்தி எடுப்பது. “அண்ணா, அண்ணி காதுல ஏதாவது சொல்லுங்க, அண்ணி நீங்க சிரிங்க, கேமராவப் பார்க்காதீங்க.” என்ன சொன்னார்? ஒன்றும் சொல்லவில்லை. எதற்குச் சிரித்தார்? சிரிக்கச் சொன்னதற்கு. மணமகளின் தகப்பனாரை ஜன்னலோரம் நிறுத்தி, மகளைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொள்ளச் சொன்னதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்த மனிதர் கண்ணில் நீர் இல்லை. பந்திக்குச் சாம்பார் வந்து சேர்ந்ததா என்ற கவலைதான் இருந்தது. மெய்யான தகப்பனின் மெய்யான கவலை அது. அதை எடுத்திருந்தால் பேரப்பிள்ளைகள் சிரித்து மகிழ்ந்திருப்பார்கள்.

யாத்திராகமம் இருபதாம் அதிகாரத்தின் ஒன்பதாம் கற்பனையை நீதிமன்றத்தோடு நிறுத்திவிடுகிறோம். நடக்காத ஒன்றை நடந்ததாகக் காட்டி, அதைச் சுவரில் மாட்டி, பிள்ளைகளுக்கு இதுதான் உங்கள் பெற்றோரின் திருமணம் என்று சொல்வதும் அந்தக் கற்பனையின் எல்லைக்குள் வரும் என்பது என் துணிபு. திருமணத்துக்கு முன்பே கடற்கரையிலும் மலையிலும் வண்ணப் புகைக்கு நடுவிலும் எடுக்கப்படும் படங்களைப் பற்றி நான் அதிகம் பேசப் போவதில்லை. ஓலையே வாசித்து முடியாத நிலையில், மணமானவர்களைப் போல ஒரு நாள் முழுவதும் நடித்துவிட்டு, மூன்றாம் ஞாயிறு அதே ஓலைக்குத் தடை உண்டா என்று நான் சபையைக் கேட்கும்போது வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கே அது உறுத்தும். உறுத்தவும் செய்கிறது, என்னிடம் சிலர் சொல்லியிருக்கிறார்கள்.

இனி, எனக்கு எதிராகச் சொல்லப்படுவதில் வலுவானது எதுவோ அதற்கு வருகிறேன். வாழ்நாளில் ஒரு முறை வரும் நாள். அது அழகாக நினைவில் நிற்கட்டுமே, இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்கிறார்கள். நஷ்டம் யாருக்கு என்பதை எனக்குக் காட்டியது ஓர் அடக்க ஆராதனை.

கணவனை இளவயதில் இழந்து, தையல் வேலை செய்து, ஒரே மகளைப் படிக்க வைத்த ஒரு சகோதரி. மகளுக்குப் பெரிய மண்டபத்தில் திருமணம். மேடையில் வரவேற்பு நடந்துகொண்டிருந்தபோது பெற்றோரின் இடத்தில் பெரியப்பாவும் பெரியம்மாவும் நின்றார்கள். அந்தத் தாய் நிற்கவில்லை. யாரும் நிற்காதே என்று சொல்லவில்லையாம். யாரும் வா என்றும் சொல்லவில்லை. மங்கல காரியத்தில் கைம்பெண் முன்னே வரலாகாது என்ற பழக்கத்தை நாம் ஞானஸ்நானத் தண்ணீரோடு விட்டுவிட்டதாக எண்ணுகிறோம்; மண்டபத்து மேடையில் அது நம்மோடு ஏறி நிற்கிறது. மூன்று ஆண்டுகள் கழித்து அந்தத் தாய் மரித்தார். சவப்பெட்டியின் தலைமாட்டில் வைக்கவும் செய்திமடலில் போடவும் ஒரு படம் வேண்டும் என்று வீட்டார் தேடினார்கள். நானும் அங்கே இருந்தேன். கனத்த அட்டை போட்ட மூன்று ஆல்பங்கள், ஒரு வன்தட்டு நிறையக் கோப்புகள். மேடையில் கைகுலுக்கியவர்கள், மகளின் அலுவலகத்தார், எங்களில் ஒருவருக்கும் பெயர் தெரியாத பிரமுகர், கேக், கேக்கின் இன்னொரு பக்கம், மருதாணிக் கை, மோதிரம், காலணி. தாய் இல்லை. ஒரு குடும்பப் படத்தில் ஓரத்தில் பாதி முகம்; விளக்கின் கூச்சத்தில் கண் மூடியிருந்தது.

இறுதியில் கிடைத்த படம், அன்று காலையில் ஆலயத்தின் பின்கதவருகே மருமகப் பையன் ஒருவன் தன் கைப்பேசியில் எடுத்தது. அவனுக்கு அப்பொழுது பதினைந்து வயது இருக்கும். யாரும் அவனை எடுக்கச் சொல்லவில்லை. மகளின் முக்காட்டு வலையில் ஒரு தையல் பிரிந்திருக்கிறது. தாய் குனிந்து, வாயில் ஊசியின் நூலைக் கடித்தபடி, அதைத் தைத்துக்கொண்டிருக்கிறார். மகள் பொறுமையிழந்து வாசலைப் பார்க்கிறாள். வெளிச்சம் சரியில்லை, பின்னணியில் ஒரு பிளாஸ்டிக் வாளி. அந்தப் படத்தைத்தான் சட்டமிட்டார்கள். மகள் அதைக் கையில் வாங்கியபோது ஆல்பங்களைப் புரட்டிய மூன்று மணி நேரத்தில் அழாத அழுகையை அழுதாள். “அம்மா தைச்சது எனக்கு ஞாபகமே இல்ல ஐயா” என்றாள்.

சிறிய திருமணத்தைப் பற்றி நான் பேசுவதும் இதனால்தான். ஆயிரம் பேர் கூடும் மண்டபத்தில் எவ்வளவு தேர்ந்த கலைஞர் வந்தாலும் ஆவணப் பாணியில் எடுக்க இயலாது. மணமக்கள் மூன்று மணி நேரம் மேடையில் நிற்கிறார்கள். கீழே ஒரு வரிசை படியேறி, பரிசுப் பையைக் கொடுத்து, கேமராவைப் பார்த்து, மறுபக்கம் இறங்குகிறது. அங்கே நிகழ்வதெல்லாம் அந்த வரிசை ஒன்றே. நாற்பது பேர் கூடும் ஆலயத்தில் அப்படியில்லை. ஒவ்வொரு முகமும் யாரோ ஒருவருடைய முகம். பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருக்கும் குழந்தையும், மகனுடைய கழுத்துப்பட்டையைச் சரிசெய்யக் கை நீட்டிப் பின் இழுத்துக்கொள்ளும் தகப்பனும் கண்ணில் படுவார்கள்.

2020இல் திருமணத்துக்கு ஐம்பது பேருக்கு மேல் கூடலாகாது என்று அரசாங்கம் கட்டுப்பாடு விதித்த காலத்தில் நான் நடத்திய திருமணங்கள் நினைவிருக்கின்றன. முகக்கவசத்தோடு, நாற்காலிகளைத் தள்ளிப் போட்டு, அழைப்பிதழில் பெயர் அச்சிட்டவர்களையே வரவேண்டாம் என்று கெஞ்சி நடத்தினோம். அவற்றில் பாடின பாட்டுகூட எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதற்கு முந்தைய ஆண்டு நடத்திய பெரிய திருமணங்களில் எவருடைய ஜெபவிண்ணப்பம் என்ன என்று கேட்டால் டைரியைத்தான் பார்க்க வேண்டும். ஆனால் நோய் நீங்கியதும் அந்தப் படிப்பினையை மறந்துவிட்டோம். அப்பொழுது சிறியதாக நடத்தியவர்களுக்குக் காரணம் கேட்க ஆளில்லை. இப்பொழுது சிறியதாக நடத்த விரும்பும் பிள்ளைகளைப் பார்த்து, ஏன் இவ்வளவு அவசரம், ஏதாவது விஷயம் உண்டா என்று கேட்கிறோம். அந்தக் கேள்வியைக் கேட்ட ஒருவர் இதை வாசிப்பார் என்று எனக்குத் தெரியும். அந்தப் பெண் எத்தனை நாள் அழுதாள் என்பதை அவர் அறியட்டும்.

நம் சபைக் குடும்பம் ஒன்றின் மகன் நியூயார்க்கில் மணமுடித்தான். மன்ஹாட்டனில் வொர்த் தெருவின் 141ஆம் எண் கட்டிடத்தில் நகர எழுத்தர் அலுவலகம் இருக்கிறது. உரிமம் வாங்கி இருபத்துநான்கு மணி நேரம் காத்திருந்து, ஒரு சாட்சியோடு போக வேண்டும். இலக்கச் சீட்டு வாங்கி உட்கார்ந்தால் திரையில் எண் வரும்போது கூப்பிடுவார்கள். சடங்கு சில நிமிடங்களே. பிறகு விடுமுறையில் ஊருக்கு வந்து ஆலயத்தில் ஆசீர்வாதம் பெற்றார்கள். தேவனுடைய வார்த்தையும் ஜெபமும் இல்லாத மணம் முழுமையாகாது என்பதில் என் மனம் மாறவில்லை, அது நிற்க. அவன் தாயார் எனக்குக் காட்டிய படங்கள் அறுபதுக்குள் இருக்கும். நண்பன் ஒருவன் எடுத்தவை. நீண்ட மரப்பலகையில் காத்திருக்கும் வேறு வேறு தேசத்து ஜோடிகள், நடுவில் நம் பிள்ளை. மருமகளின் கையில் சீட்டு. திரையை இருவரும் அண்ணாந்து பார்க்கும் ஒரு முகம். “ரிஜிஸ்டர் கல்யாணம்னு சொல்லவே வெட்கப்பட்டேன் ஐயா, ஆனா இதப் பார்க்கும்போது நானும் அங்க உட்கார்ந்திருந்த மாதிரி இருக்கு” என்றார் அந்தத் தாய். பதின்மூன்றாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த தாயைப் படம் உள்ளே அழைத்துச் சென்றிருக்கிறது. அதே மண்டபத்தில் இருந்த தாயைப் படம் வெளியே நிறுத்தியிருக்கிறது.

சிறியது என்ற பெயரில் நடக்கும் ஒன்றைக் கண்டிக்காமல் விட்டால் நான் நேர்மையற்றவன் ஆவேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடுதி ஒன்றை இரண்டு நாளைக்கு எடுத்து, அறுபது பேரை அழைத்து, வெளியூரிலிருந்து பெயர்பெற்ற ஆவணப் பாணிக் கலைஞரை வரவழைத்து நடக்கும் திருமணங்களும் ‘எளிமை’ என்ற சொல்லோடு என்னிடம் வருகின்றன. அவற்றுக்காகும் செலவில் மண்டபத் திருமணம் இரண்டு நடத்தலாம். அங்கே அழைக்கப்படாதவர்கள் யார்? கிராமத்து அத்தை, சமையல் வேலை செய்யும் சித்தி, கடன் வாங்கிப் பழகிய மாமா. விருந்து செய்யும்போது ஏழைகளையும் ஊனரையும் அழைக்க வேண்டும் என்று லூக்கா பதினான்காம் அதிகாரத்தில் ஆண்டவர் சொன்னதற்கு இது நேர் எதிர். மண்டபக் கல்யாணத்தில் அந்தச் சித்திக்கு ஒரு பந்தியாவது இருந்தது. படத்தில் விழத்தக்க முகங்களை மட்டும் பொறுக்கி அழைப்பதற்குச் சிறிய திருமணம் என்று பெயர் வைக்காதீர்கள். நாற்பது பேர்தான் என்றால் அந்த நாற்பதில் உங்களைத் தூக்கி வளர்த்தவர் இருக்க வேண்டும்.

படக்காரருக்காகவும் ஒரு வார்த்தை பேச வேண்டியவனாயிருக்கிறேன். கானா ஊர்த் திருமணத்தை வாசியுங்கள். மணமகளைப் பற்றி யோவான் ஒன்றுமே சொல்லவில்லை. மணமகனுக்குப் பெயர் இல்லை. பந்திவிசாரிப்புக்காரனுக்குத் திராட்சரசம் எங்கிருந்து வந்தது என்று தெரியாது. ஒன்பதாம் வசனத்தின்படி அதை அறிந்தவர்கள், ஆறு கற்சாடிகளில் தண்ணீர் மொண்ட வேலைக்காரர் மட்டுமே. திருமண வீட்டில் மெய்யாக நடந்ததை அறிந்தவர்கள் வேலை செய்தவர்கள்! நம் வீடுகளிலும் அந்த இடத்தில் நிற்பவர் படக்காரரே. விடிகாலை ஐந்து மணிக்கு மணமகள் வீட்டில் ஆரம்பித்து இரவு பதினொரு மணிக்கு முடிக்கிறார். கடைசிப் பந்தியில் ஆறிப்போன பிரியாணி சாப்பிடுகிறார், சில வீடுகளில் அதுவும் இல்லை. மோதிரப் படம் இல்லையென்றால் பாக்கிப் பணம் கிடைக்காது என்ற பயம் அவருக்கு. அந்தத் தம்பி என் தோளுக்குப் பின்னாலிருந்து குரல் கொடுத்தது அந்தப் பயத்தினால்தான் என்பதை நான் பிறகு அவரோடு பேசியபோதுதான் அறிந்தேன். திருப்பிச் செய்யச் சொல்லும் பழக்கத்தை உண்டாக்கியவர் அவர் அல்லர். எல்லாப் படமும் இருக்கிறதா என்று பட்டியல் வைத்துச் சரிபார்க்கும் நாம்தான் உண்டாக்கினோம்.

ஆவணப் பாணியிலும் பாவம் நுழையும் வாசல் உண்டு. கண்ணீரைத் தேடி அலைவது, மணமகள் உடுத்தும் அறைக்குள் கதவைத் தட்டாமல் போவது, துக்கத்திலிருக்கும் ஒருவரின் முகத்தை அவர் அறியாமல் எடுத்து இன்ஸ்டாகிராமில் போடுவது, இவையெல்லாம் மெய் என்ற காரணத்தால் நியாயமாகிவிடா. எடுத்ததில் எதைக் காட்டலாம் என்பதை அந்தக் குடும்பத்தைக் கேட்டே தீர்மானிக்க வேண்டும்.

ஆகவே கமிட்டியின் முன் என் யோசனையையும் வைத்திருக்கிறேன். கேமரா உள்ளே வரட்டும். ஒருவர் வரட்டும், ஐந்து பேரும் கிரேனும் டிரோனும் வேண்டாம். உடன்படிக்கை தொடங்கியது முதல் ஆசீர்வாதம் முடியும் வரை ஃபிளாஷ் இல்லை. இன்றைய கேமராக்களுக்கு நம் ஆலயத்து ஜன்னல் வெளிச்சமே போதும், சத்தமின்றி எடுக்கும் வசதியும் அவற்றில் உண்டு. அவர் நிற்கும் இடத்தை முந்தின நாளே நானும் அவரும் சேர்ந்து பார்த்துக்கொள்வோம். சபைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பீடத்தருகே ஏறும் வழக்கம் நிற்கட்டும். தவறிப்போன காட்சி தவறியதுதான். எதுவும் இரண்டாம் முறை செய்யப்படாது, யார் கேட்டாலும் நான் செய்யேன். நமக்கும் ஒரு நிபந்தனை: வாக்குச் சொல்லப்படும் நேரத்தில் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துப் பின்னாலிருப்பவரை மறைக்காதீர்கள். குடும்பத்தார் படக்காரரிடம் காட்சிப் பட்டியலைக் கொடுப்பதற்குப் பதிலாக, இவர் பாட்டி, இவர் அப்பாவின் பழைய நண்பர், இந்த அத்தைக்குக் கண் தெரியாது என்று ஆட்களை அறிமுகம் செய்து வையுங்கள். காலையில் அவருக்கும் ஒரு இலை போடுங்கள்.

வருகிற சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு நம் ஆலயத்தில் ஒரு திருமணம். நாற்பத்திரண்டு பேருக்கு அழைப்பு. மணமகளின் தகப்பனார் இல்லை; தாயார் மகளின் கையைப் பிடித்து நடுவழியே அழைத்து வருவார் என்று வீட்டாரோடு பேசி முடிவாகியிருக்கிறது. படம் எடுக்க வருபவர் அன்று என் தோளுக்குப் பின்னால் நின்ற அதே தம்பிதான். நானே அவரை அழைக்கச் சொன்னேன். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு இடம் பார்க்க வருகிறார். தெற்கு ஜன்னலின் கீழ்க்கதவு துருப்பிடித்துத் திறக்காமல் இருக்கிறது. அதற்குள் கோயில்பிள்ளை அதைச் சரிசெய்துவிட்டால் வெளிச்சத்துக்கு நல்லது.